முதலில் விதைநெல், பிறகுதான் சோறு

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், பாபநாசத்தை ஒட்டி இருக்கிறது திருப்பாலைத்துறை. அங்கே பாலைவனநாதர் கோயிலுக்குள் நுழைந்தால், பெரிய நெற்களஞ்சியம் ஒன்று நிற்கும். வட்டமாக எழுப்பிய செங்கல் சுவர், மேலே கூம்பாக ஏறும் கூரை. நாயக்கர் காலத்துக் கட்டடம். கோயிலுக்கு வரும் பிள்ளைகள், 'இது என்னம்மா, ராக்கெட்டா?' என்று கேட்டால் தப்பில்லை. வடிவம் அப்படி.

3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். ஒரு கலத்துக்கு 12 மரக்கால். 36,000 மரக்கால் நெல்லை ஒரே இடத்தில் கொட்டிவைக்கிற அளவுக்கு விளைந்த பூமி இது. களஞ்சியம் இன்று காலியாக இருக்கிறது.

அதே ஊரில், அதே தெருக்களில் இன்னொரு களஞ்சியம் உண்டு. அதற்குச் சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. துவரம்பருப்பு டப்பாவின் அடியில், பீரோவில் பட்டுப்புடவை மடிப்பில், சாமி படத்துக்குப் பின்னால், கடுகு டப்பாவுக்குள் சுருட்டிவைத்த நூறு ரூபாய்த் தாளில் அது இருக்கும். அது காலியானதாகக் கேள்விப்பட்டதே இல்லை. அதற்குப் பெயர் சிறுவாடு.

சிக்கனம் என்றால் செட்டிநாட்டைச் சொல்வார்கள். தஞ்சாவூரைச் சொல்ல மாட்டார்கள். தஞ்சாவூருக்கு வாய்த்த பெயர் தாராளம். இரண்டாம் டிகாக்‌ஷனைத் தொடாத காபி, கவுளி கவுளியாக வெற்றிலை, விடிய விடியக் கச்சேரி, தலைமுறை தாண்டியும் முடியாத கோர்ட் வழக்கு. இவற்றுக்கெல்லாம் களத்து மேட்டில் குவிந்த நெல்தான் படியளந்தது. மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் மாக்கணக்கில் வந்து நின்ற கதை டெல்டாவில் ஊருக்கு ஒன்று இருக்கும். நில உச்சவரம்புச் சட்டம் ஒரு காரணம்தான். ஆனால், அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே அடமானப் பத்திரத்தில் போன நிலமும் கொஞ்சமில்லை.

நிறைய இருந்தவர்களில் பலருக்கு அதை நிறுத்திவைக்கத் தெரியவில்லை. கொஞ்சம் இருந்தவர்களில் பலருக்குத் தெரிந்தது. அது எப்படி என்பதுதான் சுவாரஸ்யம்.

மாதச் சம்பளக்காரர் வீட்டில் மாதத்துக்கு ஒரு தடவை பணம் வரும். டெல்டாவின் விவசாய வீட்டில் வருடத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்தபின், ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது என்பது இந்தப் பக்கத்தின் காலண்டர் ஆகிவிட்டது. தண்ணீர் அந்தத் தேதிக்கு வந்தால் குறுவை. குறுவை அறுத்தால் தீபாவளிக்குப் பணம். சம்பாவோ தாளடியோ அறுத்தால் தை, மாசியில் பணம். இடையில் எதுவும் வராது.

இப்போது நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். 17 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டு, தார்ப்பாயைப் போட்டு மூடி, எடுத்து, கிளறி, காயவைத்துக் காத்திருக்க வேண்டும். 40 கிலோ மூட்டையாகப் பிடித்தபின் பணம் வங்கிக் கணக்கில் விழும். போனில் அந்த மெசேஜ் வரும்போது வீட்டில் எல்லோருக்கும் முகம் மலரும்.

மொத்தமாக வரும் பணத்துக்கு ஒரு குணம். வந்த அன்றைக்குப் பார்த்தால் ஒரு வருடத்துக்குப் போதும்போலத் தெரியும். மூன்றாவது மாதம் பார்த்தால் எங்கே போனதென்றே தெரியாது. உரக்கடை பாக்கி, கூட்டுறவு சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன், நடவுக்கு அடகுவைத்த வளையல், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், அத்தை மகள் கல்யாணத்துக்குச் செய்முறை. எல்லாம் அந்த ஒரு மெசேஜுக்காகக் காத்திருந்தவை.

இந்த இடத்தில் கை கொடுத்தது ஒரு பழைய பழக்கம். அதற்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை.

விதை கடையில் வாங்கும் வழக்கம் வருவதற்கு முன்பு, அறுவடையானதும் முதல் வேலை விதைநெல் எடுப்பது. நல்ல மணி பிடித்த வயலாகப் பார்த்துத் தனியாக அறுத்து, தூற்றி, காயவைத்து, வைக்கோல் புரி சுற்றிய சேரிலோ குதிரிலோ கொட்டி, வேப்பிலையும் நொச்சி இலையும் போட்டு மூடிவிடுவார்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். வீட்டில் எவ்வளவு கஷ்டம் வந்தாலும் அந்தச் சேரில் கை வைக்கக் கூடாது. விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று பேர் வந்தால், அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் இல்லை.

யோசித்துப் பார்த்தால் இது எளிமையான விஷயம். சாப்பிட்டு மிச்சமானால் எடுத்துவைப்பது ஒரு வகை. எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது இன்னொரு வகை. முதல் வகையில் மிச்சமாவதே இல்லை. இரண்டாவது வகையில் சாப்பாடு ஒரு பிடி குறைவதும் யாருக்கும் தெரிவதில்லை. சம்பளம் வந்த அன்றே ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கச் சொல்லி இன்றைக்கு யூடியூபில் பாடம் எடுக்கிறார்கள். தஞ்சாவூர் அப்பாயிகள் இதை நெல்லில் செய்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பழக்கத்துக்கு நம் காலத்திலேயே ஒருவர் மறுபடி உயிர் கொடுத்தார். திருத்துறைப்பூண்டி அருகே கட்டிமேட்டைச் சேர்ந்த நெல் ஜெயராமன். ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில், வரும் விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் இலவசமாகக் கொடுப்பார். ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. இப்படியே 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டார். 2018 டிசம்பர் 6-ல் அவர் காலமானார். கணக்குப் பார்த்தால், வருடத்துக்கு 100 சதவிகிதம் 'வட்டி'. அதைக் கொடுத்தவர்களும் சந்தோஷமாகத்தான் கொடுத்தார்கள். ஏனென்றால் 2 கிலோ மூட்டைகளாக விளைவதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

சேமிப்பில் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு டெல்டாவில் இன்னொரு சாட்சி உண்டு. உளுந்து.

தை மாதம் சம்பா முற்றி, தலை சாய்ந்து நிற்கும். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்கு நடுவிலேயே உளுந்தையோ பச்சைப்பயறையோ கையால் விசிறிவிடுவார்கள். மண் அப்போது மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். அதிகம் ஈரமென்றால் விதை அழுகிவிடும், காய்ந்துவிட்டால் முளைக்காது. அந்தப் பதம் தெரிவதற்கு ஒரு வயது வேண்டும். நெல்லை அறுத்து எடுக்கும்போது அடியில் இரண்டு இலை விட்டு உளுந்து நிற்கும். அதற்குப் பிறகு உழவு இல்லை, பாய்ச்சுவதற்கு வாய்க்காலில் தண்ணீரும் இல்லை. நெல்லுக்குப் பாய்ச்சியதில் மண்ணில் மிஞ்சிய ஈரமும், மாசி மாதத்துப் பனியும்தான் அதற்குச் சாப்பாடு. பங்குனி, சித்திரையில் செடி பிடுங்கி, அடித்து, புடைத்து எடுத்தால் வீட்டுக்கு இட்லிக்கு உளுந்து. மிஞ்சியது கடைக்கு.

எந்தச் செலவும் செய்யாமல், வீணாகப் போக இருந்த ஈரத்தில் விளைந்த காசு அது. பல வீடுகளில் அந்தப் பணம் கடனுக்குப் போகாது. அம்மாவின் கைக்குப் போகும். நெல் பணத்துக்குக் கணக்கு கேட்கிற அப்பாவும் உளுந்துப் பணத்துக்குக் கணக்கு கேட்க மாட்டார். அந்தக் காசில் வாங்கிய கால் பவுன் தோடுக்கு வீட்டில் தனி மரியாதை.

அறுவடை மெஷின் வந்தபின் இதிலும் சிக்கல். அதன் சக்கரம் ஏறியிறங்கினால் முளைத்த உளுந்து நசுங்கிப் போகும். அதனால் மெஷின் வருகிற தேதியைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப நாள் பார்த்துத் தெளிக்கிறார்கள். மெஷின் சொன்ன தேதிக்கு வராவிட்டால் வாயில் வருவதெல்லாம் இங்கே எழுத முடியாது.

அடுப்படிக்கு வந்தால் கதை இன்னும் சுவை. அரிசி குத்தினால் தவிடு மாட்டுக்கு, உமி அடுப்புக்கு, நொய் கஞ்சிக்கு. வாழை வெட்டினால் இலை பந்திக்கு, பூவும் தண்டும் பொரியலுக்கு, காய் வறுவலுக்கு, மட்டையை உரித்துக் காயவைத்த நார் பூ தொடுப்பதற்கு. ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழையது, தொட்டுக்கொள்ள நார்த்தங்காய். சித்திரை வெயிலைக்கூட வீணாக்குவதில்லை. மொட்டை மாடியில் வடகம், மோர்மிளகாய், மணத்தக்காளி வற்றல். காக்காய் விரட்டுவதற்குப் பரீட்சை முடிந்த பிள்ளைகள். இதையெல்லாம் யாரும் சிக்கனம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்யவில்லை. நன்றாக இருக்கிறது என்பதால் செய்தார்கள். பழையது கிடைக்கிற வீட்டில் இட்லி வேண்டாம் என்று சொல்கிற பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள்.

சோறு பொங்குவதற்கு முன் பானையிலிருந்து ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துப் போடுகிற பழக்கமும் உண்டு. காஞ்சி மகா பெரியவர் இதையே பிடி அரிசித் திட்டம் என்று சொல்லி, வீட்டுக்கு வீடு எடுத்துவைக்கும் அரிசியை இல்லாதவர்களின் பசிக்குக் கொடுக்கச் சொன்னார். ஒரு பிடி எடுத்ததால் அன்றைக்கு யாரும் பசியோடு எழுந்திருக்கப்போவதில்லை. மாதக் கடைசியில் பார்த்தால் படிக்கணக்கில் சேர்ந்திருக்கும்.

சிறுவாடும் அந்தப் பிடி அரிசிதான், காசாக. காய்கறி வாங்கியதில் மிஞ்சிய பத்து ரூபாய், பாலில் ஒரு வேளை குறைத்துக்கொண்ட இருபது ரூபாய், பூ கட்டிக் கொடுத்ததில், ஆடு விற்றதில், நடவுக் கூலியில், அண்ணன் பொங்கல் சீராகக் கையில் அழுத்திவிட்டுப் போன ஐந்நூறு ரூபாய். இதில் ஒளிவு இருக்கிறது. ஆனால் திருட்டு இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது. எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியாது. 'உங்க அம்மாட்ட கேட்டுப் பாரேன், வச்சிருப்பா' என்று அப்பா பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையிலேயே பாதி நம்பிக்கை, பாதி பொறாமை.

ஏன் ஒளித்தார்கள்? நிலம் மாமனார் பெயரில். பாஸ்புக் கணவர் பெயரில். நகை கழுத்தில் இருந்தாலும் நடவு சமயத்தில் அது அடகுக்கடையில். தன் பேச்சுக்கு மட்டும் கட்டுப்படுகிற பணம் என்று ஒரு பெண்ணுக்கு இருந்தது அந்தக் கடுகு டப்பாவில் மட்டும்தான். ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடிக்கலாம். பிறந்த வீட்டில் ஒரு காரியம் என்றால் வெறுங்கையோடு போக வேண்டாம். சிறுவாட்டை எண்ணிப் பார்ப்பதில் இருக்கிற சந்தோஷம் பணத்தின் சந்தோஷம் மட்டுமில்லை.

2016 நவம்பர் 8 ராத்திரி அந்த டப்பாக்களெல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று டி.வி-யில் பிரதமர் சொன்னதும், வருடக்கணக்காக யாருக்கும் தெரியாமல் சேர்த்ததைக் கணவர் கையில் கொடுத்து மாற்றித் தரச் சொல்ல வேண்டிய நிலை. இல்லத்தரசிகள் 2.5 லட்சம் ரூபாய் வரை கணக்கில் கட்டினால் கேள்வி வராது என்று அரசு சொன்னது. வருமான வரித் துறை கேட்கவில்லைதான். வீட்டில் கேட்டார்கள். 'இவ்வளவு வச்சிக்கிட்டா அன்னைக்கு வட்டிக்கு வாங்க விட்டே?' என்கிற கேள்விக்கு எந்த ரிசர்வ் வங்கியும் விலக்கு தர முடியாது. சில வீடுகளில் சிரிப்போடு முடிந்தது. சில வீடுகளில் அதற்குப் பிறகு டப்பா நிரம்பவே இல்லை. சில பெண்கள் மட்டும் அடுத்த வாரமே தன் பெயரில் தனியாக ஒரு கணக்கு தொடங்கினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லாமையைச் சிக்கனம் என்று பாராட்டுவது பாவம். டெல்டாவின் வயல்களில் நெல்லைக் கூலியாக வாங்கிக்கொண்டு வேலை செய்த பண்ணையாள் குடும்பங்கள் அரை வயிறு சாப்பிட்டது சேமிப்பதற்காக அல்ல. எடுத்துவைக்க ஏதாவது இருந்தால்தானே எடுத்துவைக்கிற சந்தோஷம்? 1968-ல் கீழ்வெண்மணியில் நடந்த கொடுமையின் பின்னணியில் இருந்ததே கூலி நெல் கேட்ட போராட்டம்தான்.

அதற்குப் பிறகு அந்தப் பகுதிக்கு வந்து தங்கியவர்கள் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி. 1981-ல் அவர்கள் தொடங்கிய 'லாஃப்டி' அமைப்பு செய்தது இதுதான்: நிலத்தை விற்கத் தயாராக இருந்த உரிமையாளர்களிடம் பேசி நியாயமான விலைக்கு ஒப்புக்கொள்ள வைப்பது, வங்கிக் கடன் ஏற்பாடு செய்வது, அந்த நிலத்தைக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பங்களின் பெண்கள் பெயரில் எழுதிவைப்பது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இப்படி நிலம் கிடைத்தது. கடனை அடைத்தது அந்த வயலில் விளைந்த நெல். அரை வயிறு அதே அரை வயிறாக இருந்த வருடங்கள் அதிலும் இருந்திருக்கும். ஆனால், முன்பு அது யாருக்காகவோ. இப்போது ஒரு ஏக்கருக்காக, தன் பெயரில் இருக்கிற பட்டாவுக்காக. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனுக்கு 2008-ல் 'ரைட் லைவ்லிஹுட்' விருதும், 2020-ல் பத்மபூஷணும் கிடைத்தன.

சேர்த்ததை எங்கே வைப்பது என்பது டெல்டாவுக்கு எப்போதுமே பெரிய கேள்வி. கும்பகோணத்துக்காரர்கள் அதற்கு 1904 அக்டோபர் 31-ல் ஒரு பதில் சொன்னார்கள். கும்பகோணம் பேங்க் லிமிடெட். சென்னையில் வெள்ளைக்காரர்கள் நடத்திய அர்பத்நாட் கம்பெனி அடுத்த இரண்டு வருடத்தில், 1906 அக்டோபரில், திவாலாகி ஏராளமானவர்களின் சேமிப்பைக் கரைத்தது. அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் இந்தியன் வங்கி. 1907 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய அந்த வங்கிக்கு முன்னால் நின்று பாடுபட்ட வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயரும் திருவிடைமருதூர்க்காரர்தான். கும்பகோணம் பேங்க் இன்றைக்கு சிட்டி யூனியன் பேங்க். பெயர் மாறினாலும் தலைமை அலுவலகம் இன்னமும் கும்பகோணத்தில்தான்.

இதில் ஒரு வேடிக்கையான தற்செயல். உலகச் சிக்கன நாள் என்று ஒன்று கொண்டாடுகிறார்கள். இத்தாலியின் மிலான் நகரத்தில் 1924-ல் நடந்த சேமிப்பு வங்கிகள் மாநாட்டில் முடிவு செய்தது. அந்த நாளும் அக்டோபர் 31. (இந்தியாவில் அதை ஒரு நாள் முன்னதாக, அக்டோபர் 30-ல் கொண்டாடுகிறோம்.) கும்பகோணம் அதற்கு 20 வருடம் முன்பே அந்த நாளைப் பிடித்துக்கொண்டுவிட்டது!

டெல்டாவின் தெற்கே, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமும், அதை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கமும் போனால் வங்கியே தேவைப்படாத ஒரு சேமிப்பு நடக்கிறது. மொய் விருந்து. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. ஆடி மாதம் பிறந்தால் பந்தல் போட்டு, கறி விருந்து வைத்து, பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். சிலர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்திச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. லட்சக்கணக்கில் பணம் சேரும். வட்டி கிடையாது. ஆனால், நோட்டில் பேரும் தொகையும் இருக்கும். அவர்கள் வீட்டு விருந்துக்குப் போகும்போது வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நம் முறை வரும். அதுவரை ஊரெல்லாம் போய் ஆயிரமும் ஐந்நூறுமாகப் போட்டுவைப்பதுதான் நம் சேமிப்பு.

வாங்கிய பணத்தில் போர் போட்டவர்கள், கடை வைத்தவர்கள், பிள்ளையை இன்ஜினீயரிங் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். திருப்பிச் செய்ய முடியாமல் முழித்தவர்களும் இருக்கிறார்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்தபோது, மொய்ப் பணமும் அதோடு சாய்ந்தது. தேங்காய்க் காசை நம்பி வாங்கியவர்களால் அடுத்த ஆடியில் கொடுக்க முடியவில்லை. கொடுத்துவைத்தவர்களுக்கு வசூலாகவில்லை. எல்லோருடைய சேமிப்பும் எல்லோருடைய தோப்பிலும் இருந்தால், ஒரே காற்று எல்லாவற்றையும் கொண்டுபோகும். டப்பாவில் இருக்கும் சிறுவாட்டுக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால், டப்பா குட்டி போடாது.

குட்டி போடுகிற இடம் என்று இப்போது பெண்கள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்பவர்கள் பலர். அதில் வாரக் குழுக்காரர்கள் கொடுக்க வருகிறார்கள். பத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்து, வாராவாரம் தவணை வசூலிப்பது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் அவள் வாசலில் நிற்க வேண்டும். இதிலிருக்கும் விசித்திரம் இதுதான்: வாரம் 600 ரூபாயை இரண்டு வருடம் ஒரு வாரம்கூடத் தவறாமல் கட்டத் தெரிந்த பெண்ணுக்குச் சேமிக்கத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? அவளிடம் சிக்கனம் இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது. பணம் போகிற திசை மட்டும்தான் வேறு. கடன் அடைந்த அடுத்த வாரமும் அதே கிழமையில், அதே 600 ரூபாயைத் தன் கணக்கிலேயே போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். தவணை கட்டிய பழக்கம் விட்டுப்போவதற்கு முன் திசையைத் திருப்பியவர்கள். இன்னொரு கடன் வாங்கியவர்கள்தான் அதிகம் என்பதும் உண்மை.

2023 செப்டம்பர் 15-லிருந்து மகளிர் உரிமைத்தொகை என்று மாதம் 1,000 ரூபாய் பெண்கள் கணக்கில் நேராக விழுகிறது. பலருக்கு அது மளிகைக்கும் மாத்திரைக்கும் கரைந்துவிடுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அதைத் தொடாமல் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி-யில் திருப்பிவிடுகிற வீடுகளும் உண்டு. அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருடம். 2023 அக்டோபரில் அறிவித்த 6.7 சதவிகித வட்டிப்படி, மாதம் 1,000 ரூபாய் கட்டினால் 60 மாதத்தில் கட்டியது 60,000, கைக்கு வருவது 71,000-க்குச் சற்று மேல். ஒரு பெரிய லாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் 71,000 ரூபாய் மொத்தமாகப் பார்த்திராத கைகளுக்கு அது வேறு. அதோடு, ஆர்.டி. ஏஜென்ட் அக்கா மாதாமாதம் வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்து கார்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போகும் அந்தப் பத்து நிமிடம் எந்த ஆப்பிலும் கிடையாது.

தீபாவளிச் சீட்டு, பாத்திரச் சீட்டு, நகைச் சீட்டு என்று தெருவுக்குத் தெரு நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சீட்டுக்கென்று 1982-லிருந்து சட்டம் இருக்கிறது. பதிவு செய்த சீட்டா என்று கேட்பது அவமரியாதை இல்லை. கேட்டால் கோபப்படுகிறவரிடம் கட்டாமல் இருப்பதே பாதிச் சேமிப்பு. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்று சொல்பவர்களை நம்பி நெல் பணத்தைக் கொட்டிவிட்டு நின்றவர்கள் டெல்டாவிலும் உண்டு.

இப்போது சேமிப்புக்குப் புதிதாக ஒரு எதிரி. ஜி-பே, போன்பே. டப்பாவிலிருந்து நூறு ரூபாயை எடுக்கும்போது விரலுக்குத் தெரியும். 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு போகும் நூறு ரூபாய் விரலுக்குத் தெரிவதில்லை. சில்லறை என்று ஒன்று மிஞ்சினால்தானே சிறுவாடு? காய்கறிக்காரருக்கு 87 ரூபாயை சரியாக 87 என்று அனுப்பிவிட்டால் கடுகு டப்பாவுக்கு என்ன வரும்? அதற்கும் சிலர் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 87 ரூபாய்க்கு வாங்கினால், மீதி 13 ரூபாயை அப்போதே மகளின் கணக்குக்கு அனுப்பிவிடுவது. மகள் ஹாஸ்டலில் இருந்து, 'என்னம்மா, தினமும் பதிமூணு, ஏழு, இருபத்திரண்டுன்னு அனுப்பிட்டே இருக்கே?' என்று கேட்டால், 'எடுக்காதடி, அது என்னோடது. சும்மா போட்டு வச்சிருக்கேன்' என்று பதில் வரும்.

மார்கழி கடைசியில், பொங்கல் பானை விற்க வரும் குயவர்களிடம் மண் உண்டியலும் இருக்கும். மாங்காய் வடிவில், குடம் வடிவில், மேலே ஒரே ஒரு கீறல். திறக்க வழி கிடையாது, உடைக்கத்தான் வேண்டும். பழையதை உடைத்து எண்ணிய அன்றே புதிது வாங்கிவிடுவது பல வீடுகளில் பழக்கம். பிளாஸ்டிக் உண்டியலில் அடியில் மூடி இருப்பதால் பிள்ளைகள் ஐஸ்கிரீம் வண்டி வந்தால் திறந்துவிடுவார்கள். மண் உண்டியலிடம் அது நடக்காது. ஆட்டிப் பார்க்க மட்டும்தான் முடியும்.

புதிதில் ஒற்றை நாணயம் போட்டால் கலகலவென்று ஊரையே கூட்டும். ஆடி மாதத்துக்குள் சத்தம் கனத்துவிடும். தீபாவளி தாண்டினால் ஆட்டினாலும் சத்தமே வராது. அப்போது பிள்ளை அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டுவந்து, 'அப்பாயி, ரொம்பிடுச்சு, உடைச்சிரலாமா?' என்று கேட்பான்.

'கீறல்ல காசு நுழையுதா?'

'நுழையுது.'

'அப்ப இன்னும் ரொம்பல. கொண்டுபோய் வை.'